வண்டி வாகனம்: 20 வளைவுகளும் ஒரு பொய் மீட்டரும்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால், அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது. மேலே ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வண்டி 1,200 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். காரில் போகிறவர்களுக்கு இது ஜன்னலை இறக்கி ஜில்லென்று காற்று வாங்கும் பயணம். உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போகும் பிக்அப் வண்டிக்கு இது பரீட்சை.

அப்படி ஒரு பிக்அப்பைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். காபித் தோட்டத்துக்கு உரம் ஏற்றிப் போகிறது. மாதத் தவணை பாக்கி இருக்கிற வண்டி. போன வாரம்தான் டிரைவர் தம்பி டேஷ்போர்டுக்கு மேலே புதிதாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டியிருக்கிறார். நீல வெளிச்சம், சிவப்பு முள், பார்க்கவே அழகு. பத்தாவது வளைவு தாண்டியும் முள் 80-ஐ விட்டு அசையவில்லை. போனில் ஒயரிங்காரரிடம் பெருமையாகவே சொல்கிறார்.

"அண்ணா, முள்ளு ஏறவே மாட்டேங்குதுண்ணா. வண்டி சும்மா கூலா போகுது!"

"அப்புறம் என்னடா தம்பி, நம்ம வேலைன்னா சும்மாவா!"

இன்னும் இரண்டு வளைவு போனதும் முள் 80-லிருந்து 60-க்கு இறங்குகிறது. தம்பிக்கு இன்னும் சந்தோஷம். அதற்கடுத்த வளைவில் இனிப்பான ஒரு வாடை. கூலன்ட் சூடானால் வருமே, அந்த வாடை. பிறகு பானெட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை. வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தால் ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. மீட்டர் மட்டும் இன்னமும் அழகாக 60 காட்டிக்கொண்டிருக்கிறது.

இது கற்பனை வண்டிதான். ஆனால், கோளாறு நிஜம். லாரி, பிக்அப் வண்டிகளில் வெளியில் வாங்கிய மீட்டரைப் பொருத்தும்போது நடக்கிற தவறுகளில் இதுதான் மோசமானது. மற்ற தவறுகளெல்லாம் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இது சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும்.

முள் ஏன் இறங்கியது?

மீட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது. இன்ஜினில் பொருத்தியிருக்கிற சென்சார் சொல்வதைத்தான் அது காட்டுகிறது. அந்த சென்சாரின் முனை தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் கசிந்து மட்டம் இறங்கிவிட்டால் முனை வெறும் காற்றில் தொங்கும். கொதிக்கிற பானைக்கு மேலே கையைக் காட்டுவதற்கும், தண்ணீருக்குள் விடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்க, மீட்டர் குளிர்ச்சி என்று சொல்வது இப்படித்தான்.

சரி, தண்ணீர் ஏன் போனது? அதற்கும் பெரும்பாலும் மீட்டர் மாட்டிய வேலையேதான் காரணம். வண்டியில் கம்பெனி வைத்த சென்சாரைத் தொடக்கூடாது என்பதற்காக, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸை நடுவில் வெட்டி, அதற்குள் ஓர் அலுமினியக் குழாயைச் செருகி, அதில் புது சென்சாரைத் திருகுவார்கள். இரண்டு பக்கமும் கிளிப். முறை தப்பில்லை. ஆனால், கிளிப் சரியாக இறுகாவிட்டால், சமவெளியில் ஒன்றும் தெரியாது. மலையில்தான் தெரியும்.

இங்கேதான் சேர்வராயன் மலை தன் வேலையைக் காட்டுகிறது. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது கணக்கு. ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீசல் இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 80 முதல் 95 டிகிரிக்குள்தான். அப்படியானால் ஏற்காட்டுக்குப் போகிற எல்லா வண்டியும் கொதிக்க வேண்டுமே? கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கர் விசில் போல அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் 110 டிகிரியிலும் கூலன்ட் கொதிக்காது. ஒரு கிளிப் தளர்ந்து அந்த அழுத்தம் வெளியேறினால் குக்கர் வெறும் சட்டியாகிவிடும். லோடும் அதிகம், கியரும் சின்னது, வண்டி மெதுவாக நகர்வதால் காற்றும் குறைவு. மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ளும்.

இதே வேலையில் இன்னொரு சின்னத் தப்பு: ஹோஸை வெட்டியதில் உள்ளே காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றாமல் மூடியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காற்றுக்குமிழி சென்சார் முனையிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவைத்து, மட்டம் பார்த்து, மறுபடி ஊற்றினால் தீர்ந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான். அந்த நேரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

மீட்டர் எதற்கு?

வண்டியிலேயே மீட்டர் இருக்கிறதே, எதற்காக இன்னொன்று என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய லாரிகளில் எண்களோடு வட்ட வட்டமான டயல்கள் இருந்தன. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலத்து டிரைவர்கள் முள்ளைப் பார்த்தே இன்ஜினின் மனசைப் படித்தவர்கள். கோவையில் இருக்கும் பிரிக்கால் இந்திய வண்டிகளுக்கு மீட்டர் செய்து கொடுத்தே பெயர் வாங்கிய நிறுவனம்.

இப்போது வருகிற பல வண்டிகளில் முள்ளுக்கு பதில் விளக்குதான். முள் இருந்தாலும் 'சி', 'எச்' என்று இரண்டு எழுத்து. அதுவும் நடுவில் போய் நின்றுவிட்டால், 80 டிகிரிக்கும் 95 டிகிரிக்கும் நடுவில் அசையாதபடி கம்பெனிகளே அமைத்துவிடுவது உண்டு. முள் கொஞ்சம் ஆடினாலும் வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டர் வாசலில் வந்து நிற்பார் என்ற கவலை அவர்களுக்கு. டவுனில் ஓட்டுகிறவருக்கு இது போதும். மலைப்பாதையில் லோடு அடிக்கிறவருக்குப் போதாது. சிவப்பு விளக்கு எரிந்த பிறகு தெரிந்து என்ன பயன்? 95 தாண்டும்போதே தெரிந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவைக்கலாம். ஆக, மீட்டர் மாட்டுகிற ஆசை தவறே இல்லை. மாட்டுகிற விதத்தில்தான் வினை.

காலில் கொட்டும் ஆயில்

டெம்பரேச்சருக்கு அடுத்து எல்லோரும் மாட்டுவது ஆயில் பிரஷர் மீட்டர். இதில் இரண்டு வகை. ஒன்று, இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆயிலையே டேஷ்போர்டு வரை கொண்டுவருவது. பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் பூர்தோன் 1849-ல் காப்புரிமை வாங்கிய சங்கதி இது. டயலுக்குள் வளைந்த ஒரு குழாய் இருக்கும். திருவிழாவில் பிள்ளைகள் ஊதினால் சுருள் நீண்டு 'பீப்பீ' என்று சத்தம் போடுமே, அதுபோல அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரும், முள் நகரும். கரன்ட்டே வேண்டாம். துல்லியமும் நன்றாக இருக்கும்.

கஷ்டம் என்னவென்றால், கொதிக்கிற ஆயில் கேபினுக்குள் வந்து போகிறது. நைலான் குழாய் சைலன்சர் பக்கம் பட்டால் உருகும். செம்புக் குழாய் அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். விட்டால் ஆயில் நேராக டிரைவரின் காலில். பிரேக் பெடலும் ஆயிலில் வழுக்கும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு போகிற வண்டி என்றால் இந்த வகை வேண்டவே வேண்டாம். ஒயர் மட்டும் உள்ளே வருகிற எலக்ட்ரிக் மீட்டரே நல்லது.

எலக்ட்ரிக்கிலும் வம்பு இல்லாமல் இல்லை. சென்சார் திருகும் துளையின் மரை இருக்கிறதே, அதில் ஏமாறாத மெக்கானிக் அபூர்வம். அமெரிக்க முறையில் கால் அங்குலத்தில் பாதி என்று சொல்கிற மரையும், 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கையால் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகும். "சரி, டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டு ஒரு அழுத்து. அவ்வளவுதான், இன்ஜின் பிளாக்கில் மரை போச்சு. சில நூறு ரூபாய் மீட்டருக்காகப் பல ஆயிரம் செலவு.

அப்புறம் டெஃப்லான் டேப். வீட்டுக் குழாய்க்குச் சுற்றுகிற அதே வெள்ளை டேப்பை சென்சார் மரையிலும் நாலு சுற்று சுற்றிவிடுவார்கள். ஆயில் கசியாது, உண்மைதான். ஆனால், ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த்து கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப் இடையில் புகுந்து தடுத்தால் மீட்டர் தாறுமாறாகக் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. உடனே "மீட்டர் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை. டேப்பின் துணுக்கு ஒன்று உள்ளே போய் ஆயில் வழியை அடைத்தால் அது தனிக் கதை. ஹோஸுக்கு நடுவில் மாட்டிய டெம்பரேச்சர் சென்சாருக்கும் இதே பிரச்னை உண்டு. சுற்றிலும் ரப்பர், எர்த்து எங்கிருந்து வரும்? அந்த அலுமினியக் குழாயிலிருந்து தனியாக ஓர் ஒயர் இழுத்து பாடியில் கட்டத்தான் வேண்டும்.

சென்சார் ஒரு கம்பெனி, மீட்டர் ஒரு கம்பெனி என்று வாங்கி மாட்டுவதும் நடக்கிறது. டீசல் மீட்டரில் இது நல்ல வேடிக்கை. ஜெர்மனியின் வி.டி.ஓ. முறையில் டேங்க் காலியாக இருந்தால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க முறையில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. இரண்டும் நேர் எதிர்த் திசை! கலந்து மாட்டினால் டேங்க் நிரப்பியதும் முள் கீழே போகும். ஓட ஓட டீசல் ஏறுவது போலக் காட்டும். அப்படி ஒரு வண்டி நிஜமாகவே கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்!

புகை, பிறகு தீ

சிரிப்பு இங்கே முடிகிறது. மீட்டர் வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் ஒயரிங்.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் துளை போட்டு ஒயரை உள்ளே இழுப்பார்கள். துளை ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அதற்கு ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். விலை மிகக் குறைவு. அது இல்லாமல் விட்டால், வண்டி குலுங்கக் குலுங்கத் தகடு ஒயரின் தோலை உரித்துக்கொண்டே இருக்கும். சமவெளியில் மாதக்கணக்கில் எடுக்கிற வேலையை மலைப்பாதை சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிடும். செம்பு தகட்டில் பட்டால் ஷார்ட். நடுவில் பியூஸ் இருந்தால் அது எரிந்து வண்டியைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் ஒயரே எரியும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பாக்கெட் அலுமினியத் தாளைச் சுற்றி வைக்கிற வழக்கம் இன்னமும் சில பட்டறைகளில் இருக்கிறது. அதைவிடக் கோபம் வரவழைக்கிற விஷயம் இந்தத் தொழிலில் இல்லை.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஆம்ப் மீட்டரை அழகுக்காகப் புது வண்டியில் மாட்டுவது இன்னொன்று. ஆம்ப் மீட்டர் வழியாக வண்டியின் மொத்த கரன்ட்டும் ஓடும். அந்தக் காலத்து மீட்டர்கள் 30, 60 ஆம்பியர் தாங்கும். இப்போதைய ஆல்டர்னேட்டர்கள் அதைத் தாண்டியும் தள்ளும். அதற்கு பதில் வோல்ட் மீட்டர் போதும். 12 வோல்ட் வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்று அர்த்தம்.

பெரிய லாரிகளில் 24 வோல்ட். இரண்டு பேட்டரி வரிசையாக இருக்கும். 12 வோல்ட் மீட்டரை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சாமர்த்தியமாக, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 எடுத்துக் கொடுப்பார்கள். மீட்டரும் எரியும், பாட்டும் பாடும். ஆனால், ஒரு பேட்டரி மட்டும் இளைத்துக்கொண்டே போகும், இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். கொஞ்ச நாளில் இரண்டுமே காலி. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. அதை வாங்குவது செலவல்ல.

ஒயரைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் எர்த்துப் பக்கத்தைக் கழற்ற வேண்டும். கையில் இரும்புக் காப்பு, செப்புக் காப்பு, மோதிரம் எதுவும் கூடாது. கோயிலுக்கு வேண்டிப் போட்ட காப்பைக் கழற்ற மனம் வராதுதான். அது பிளஸுக்கும் பாடிக்கும் நடுவில் பட்டால் நொடியில் பழுத்து மணிக்கட்டைச் சுற்றி வெந்துவிடும். கோயிலுக்குச் சேர்வராயரே மேலே இருக்கிறார். வேலை முடிந்து போட்டுக்கொண்டால் கோபிக்க மாட்டார்.

இளைஞர்களின் டர்போ மீட்டர்

டர்போ வண்டிகளில் சைலன்சர் சூடு பார்க்கிற மீட்டர் ஒன்று மாட்டுகிறார்கள். ஏற்றத்தில் லோடோடு போகும்போது உண்மையிலேயே பயன்படுகிற மீட்டர். ஆனால், அதற்கு டர்போவுக்கு முன்னால் இருக்கிற மேனிஃபோல்டில் துளை போட வேண்டும். வண்டியிலிருந்து கழற்றாமல், டிரில்லை எடுத்து நேராகத் துளைத்தால், இரும்புத் துருவல் உள்ளே விழும். ஸ்டார்ட் பண்ணியதும் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிற டர்போ இறக்கைகளில் போய் அடிக்கும். மேனிஃபோல்டைக் கழற்றி, தனியாக வைத்துத் துளைத்து, கழுவி மாட்டுவதே சரி.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு இந்தக் கைவேலைகளே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். புது வண்டிகளில் எல்லா சூடும் அழுத்தமும் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்த சென்சார் ஒயரில் குண்டூசி குத்தி சிக்னலைத் திருடினால் கம்ப்யூட்டர் குழம்பி, பாதுகாப்புக்காக இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். ஏற்றத்து வளைவின் நடுவில், பின்னால் பஸ் நிற்கும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி நகராமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சின்ன வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகுகிற ரீடர் கிடைக்கிறது. துளை வேண்டாம், வெட்டு வேண்டாம், செல்போனிலேயே டிகிரி தெரியும். நாள்கணக்கில் வண்டியை நிறுத்தும்போது மட்டும் பிடுங்கி வைக்க வேண்டும், பேட்டரி இறங்கும்.

ஏர் மீட்டரை மட்டும் தொடாதீர்கள்

ஏறும்போது இன்ஜின் சூடு பிரச்னை என்றால், இறங்கும்போது பிரேக். லாரி, பஸ்களில் பிரேக்குக்குக் காற்றழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது ஏர் மீட்டர். சுமார் 8 பார் இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி. அழகான மீட்டர் வேண்டும் என்று அந்தக் குழாயை வெட்டி ஒரு பித்தளை 'டி' போட்டால், ஒரு வழியின் அழுத்தம் மட்டுமே தெரியும். மற்ற வழியில் காற்று இறங்கினாலும் புது முள் அசையாது. 'டி' கசிந்தால் இருக்கிற காற்றும் போகும்.

ஏற்காடு மலைப்பாதை விளையாட்டுக்கான இடமல்ல. 2024 ஏப்ரல் 30 அன்று 13-வது வளைவுப் பகுதியில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனதைச் சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விபத்துக்கும் மீட்டருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால், அந்த இடத்தில் ஒரு வண்டி கட்டுப்பாட்டை இழந்தால் கீழே இருக்கிற வளைவில்தான் போய் விழும் என்பதைப் பார்த்தவர்கள் பிரேக் லைனில் கை வைக்க யோசிப்பார்கள். ஏர் மீட்டர் கெட்டுப்போனால் கம்பெனி மீட்டரையே மாற்ற வேண்டும், பிரேக் வேலை தெரிந்தவர்தான் மாற்ற வேண்டும்.

மே மாதக் கோடை விழா சமயத்தில், அடிவாரம் வழியாக ஏறவும் குப்பனூர் வழியாக இறங்கவும் போக்குவரத்தை மாற்றிவிடுவது வழக்கம். வளைவுக்கு வளைவு வண்டிகள் வரிசை கட்டும் நாட்கள் அவை. புது மீட்டர் மாட்டியவர்கள் அதற்கு முன்னாலேயே ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. சோதனை சுலபம். சென்சாரை இன்ஜினில் திருகுவதற்கு முன், ஒயரை மாட்டி, எர்த்தும் கொடுத்து, அதன் முனையை மட்டும் டீக்கடையில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். அடிவாரத்து டீக்கடையில் முள் 99 பக்கத்தில் நின்றால் மீட்டர் யோக்கியமானது.

அதே சோதனையை மேலே ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் செய்தால் 95-தான் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றிவிட வேண்டாம். அங்கே தண்ணீர் கொதிப்பதே அவ்வளவுதான்.